அலாய் வீலுக்கு ஆசிட் போடலாமா? என் சக்கரம் போன கதையும் ஒரு கேள்வியும்

காலடிப்பேட்டை கார்க்காரன்:
போன மாதம் வாட்டர் வாஷுக்கு வண்டியை விட்டேன். முன் சக்கரம் இரண்டும் பிரேக் தூசியில் கருத்துக் கிடந்தன. "ஒரு லிக்விட் இருக்கு சார், ரெண்டு நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும்" என்றார்கள். ஆனது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், பால் சிந்திக் காய்ந்தது போல அலாய் முழுக்க வெள்ளைத் திட்டு. நகத்தால் சுரண்டினால் கிளியர் கோட் (மேலே பூசியிருக்கிற நிறமில்லாப் பூச்சு) வெங்காயத் தோல் மாதிரி உரிகிறது. விசாரித்ததில், அது தண்ணீர் கலந்த ஆசிட். இனி ஷாம்பூவும் பிரஷ்ஷும் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எண்ணூர் டாக்ஸி:
உங்கள் வருத்தம் புரிகிறது அண்ணே. ஆனால் ஷாம்பூ போதும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தினமும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்கிறவன் நான். பத்தடிக்கு ஒரு பிரேக். ராத்திரி முழுக்க வண்டி கடல் காற்றில் நிற்கிறது. காலையில் சக்கரத்தைப் பார்த்தால் பொடிப்பொடியாக ஆரஞ்சுப் புள்ளி. ஷாம்பூ போட்டு அரை மணி நேரம் தேய்த்தாலும் அசையாது. ஆறு வருடமாக ஆசிட்தான் போடுகிறேன். என்னுடையது ஸ்டீல் வீல், ஒன்றும் ஆகவில்லை.

வியாசர்பாடி பட்டறை:
புள்ளி ஷாம்பூவில் போகாது என்று தம்பி சொல்வது சரி. அதற்கு ஆசிட் என்பது தவறு. பிரேக் தூசி வெறும் ரோட்டுப் புழுதி இல்லை. பிரேக் பேடிலிருந்து கார்பனும் பிசினும் வருகின்றன, அது அழுத்திப் பிடிக்கிற வார்ப்பிரும்பு டிஸ்க் தேய்ந்து இரும்புத் தூளும் வருகிறது. சூட்டோடு பறந்து வந்து ஒட்டுகிறது. அதில் உப்பு ஈரம் பட்டால் இரும்பு துருவாகிக் கிளியர் கோட்டைக் கவ்விக்கொள்ளும். முன் சக்கரம் மட்டும் ஏன் இவ்வளவு கருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். பின்னால் பல சின்னக் கார்களில் டிரம் பிரேக், தூசி உள்ளேயே தங்கிவிடும். டிரம்மைத் திறக்கும்போது மட்டும் ஏர் அடித்து ஊதிவிடாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

ஒட்டிய இரும்பை எடுக்க அயர்ன் ரிமூவர் இருக்கிறது. நிழலில் நிறுத்தி, சக்கரம் நன்றாக ஆறின பிறகு அடியுங்கள். ஒரு நிமிடத்தில் நாவல்பழச் சாறு வழிகிற மாதிரி ஊதா நிறம் இறங்கும். இரும்போடு மருந்து சேர்வதால் வருகிற நிறம் அது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். மூன்று நான்கு நிமிடம் காயவிடாமல் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

எண்ணூர் டாக்ஸி:
பாத்ரூம் ஆசிட் கிடைக்கிற விலைக்கு இந்த மருந்து கிடைக்குமா அண்ணே? அலாய்க்கு ஆசிட் ஆகாது, சரி. ஸ்டீலுக்கு என்ன வந்துவிடும்?

வியாசர்பாடி பட்டறை:
சக்கரத்தோடு நிற்காதே தம்பி. வீல் நட்டில் இருக்கிற துத்தநாகப் பூச்சு போகும். உள்ளே டிஸ்க்கிலும், பேடை அழுத்துகிற காலிப்பரிலும் தெறித்தால் அங்கேயும் துரு. ஆறு வருடத்தில் நட்டு எத்தனை தடவை இறுகி நின்றது என்று யோசித்துப் பார். அப்புறம், ஆசிட்டுக்குப் பயந்து காஸ்டிக் கலந்த கிளீனருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அலாய் வீலில் இருக்கிற அலுமினியத்தை அதுவும் அரிக்கும்.

ராயபுரம் செவிலியர்:
சக்கரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கழுவுகிற பையனின் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. செருப்பில்லாமல், கையுறை இல்லாமல்தான் பெரும்பாலும் நிற்கிறார்கள். சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரியாது. மணிக்கணக்கு கழித்துத்தான் வலி தொடங்கும், அதற்குள் ஆழமாக இறங்கியிருக்கும். பட்டது தெரிந்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, வலிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். என்ன மருந்து பட்டது என்று பாட்டிலையும் காட்டுங்கள்.

கொருக்குப்பேட்டை பளபளப்பு:
அக்கா சொன்னதற்கு நன்றி. என் யோசனை வேறு. வீலுக்கு செராமிக் கோட்டிங் என்கிற பாதுகாப்புப் பூச்சு போட்டுவிட்டால் இந்தப் பாடே இல்லை. நான் போட்டிருக்கிறேன், தண்ணீர் அடித்தாலே முக்கால்வாசி போய்விடுகிறது.

காலடிப்பேட்டை கார்க்காரன்:
மீதி கால்வாசியைக் கழுவத்தானே வேண்டும்? கோட்டிங் போட்ட என் நண்பர் இரண்டு மாதம் சக்கரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் மேலேயே ஆரஞ்சுப் புள்ளி வந்துவிட்டது. எங்கள் பக்கம் போர் தண்ணீரும் உப்பு. கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளை வட்டம் விழும். கடைசி இரண்டு குடம் மெட்ரோ குழாய்த் தண்ணீரில் அலசி, துணியால் துடைத்தால்தான் சக்கரம் சக்கரமாக இருக்கிறது.

கொருக்குப்பேட்டை பளபளப்பு:
கழுவவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழுவுவது சுலபமாகும் என்கிறேன். ஆனால் உரிந்துபோன உங்கள் கிளியர் கோட்டின் மேல் போடாதீர்கள், பெயின்ட் வேலை முடித்த பிறகு போடுங்கள்.

வியாசர்பாடி பட்டறை:
கோட்டிங்கோ மெழுகோ, டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு சொட்டு படக் கூடாது. பிரேக் பிடிக்காது. தூசியே வேண்டாம் என்றால் அடுத்த தடவை செராமிக் பேட் கேளுங்கள், தூசி குறைவு. விலை கூடுதல்தான்.

எண்ணூர் டாக்ஸி:
பேடு மாற்றும்போது பார்க்கிறேன். ஸ்டீல் வீல் விஷயத்தில் அண்ணனோடு முழுசாக ஒத்துப்போகவில்லை, ஆனாலும் நாளைக்கே கழுவுகிற பையனுக்கு கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுக்கிறேன். வாரம் ஒரு தடவை ஷாம்பூ போடலாம் என்று நினைத்தாலும் எப்போது கழுவுவது? ஞாயிற்றுக்கிழமையும் சவாரி.

வியாசர்பாடி பட்டறை:
சவாரி முடித்த சூட்டோடு வேண்டாம். விடியற்காலை வண்டி எடுக்குமுன் பத்து நிமிடம் போதும். கழுவினதும் தெருமுனை வரை மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக்கை அழுத்து, டிஸ்க் காய்ந்துவிடும்.