ஹம்ப்டா பாஸுக்கு 1.1 கிலோ டென்ட் போதுமா, 2.3 கிலோ வேண்டுமா?

புதுநடை:
ஜூலைக் கடைசியில் நானும் நண்பனும் இமாச்சலத்தில் குலுவிலிருந்து லாஹௌலுக்குப் போகும் கணவாயான ஹம்ப்டா பாஸுக்கு நடைப்பயணம் போகிறோம். குழு, கோவேறு கழுதை எதுவும் இல்லை, எல்லாம் எங்கள் முதுகில்தான். இருவருக்கும் சேர்த்து ஒரே டென்ட். நடைக்கோல் இரண்டை ஊன்றி நிறுத்தும், ஒரே துணியாலான ஒற்றைச் சுவர் டென்ட் 1.1 கிலோ. அலுமினியக் கம்பியோடு வரும், உள்ளே வலையும் வெளியே துணியுமான இரட்டைச் சுவர் 2.3 கிலோ. மனசு முதலாவதில்தான் நிற்கிறது. என் உயரம் 185 செ.மீ. இரண்டிலுமே உள்நீளம் 210 செ.மீ. என்று போட்டிருக்கிறது.

கோடைமலை:
அந்த நேரத்தில் குலு பக்கம் மழைக்காலம் தம்பி. வழியில் தங்கும் சிக்கா, பாலு கா கேரா இரண்டுமே ஆற்றோரம். வெளியே குளிர், உள்ளே இரண்டு பேர் மூச்சு. விடிவதற்குள் ஒற்றைச் சுவரின் உட்பக்கம் முழுக்கத் தண்ணீர் கோத்திருக்கும். இது ஒழுகல் இல்லை. துணி 3000 மி.மீ. உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் இது நடக்கும். இரட்டைச் சுவரிலும் நீர் கோக்கும்தான், ஆனால் வெளித்துணியில். நடுவில் வலை இருப்பதால் மேலே படுவது குறைவு. கணவாய் தாண்டி லாஹௌல் பக்கம் மட்டும் தங்குவதென்றால் நானே ஒற்றைச் சுவர்தான் சொல்வேன், அங்கே காற்று வறண்டது.

அதைவிட எனக்கு உதைப்பது நீளம். 210 என்பது தரையில் அளந்தது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சுவர் சரிந்து வரும். காற்றடைத்த பாய், அதன் மேல் உப்பிய ஸ்லீப்பிங் பேக் என்று நீங்கள் படுக்கும் உயரத்தில் அவ்வளவு இடம் இருக்காது. கால்பக்கம் ஈரச் சுவரில் உரசினால் பேக்கின் உள்ளே இருக்கும் டவுன் (மென் இறகு) நனைந்து அமுங்கிவிடும், அப்புறம் சூடே நிற்காது. 225க்குக் குறையாமல் தேடுங்கள். கடையில் பாயை விரித்து, படுத்துப் பார்த்து வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு உங்களுடையது.

வேங்கைமரம்:
எடையை ஆளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒருவர் துணி, இன்னொருவர் கம்பியும் முளைகளும். அப்போது 2.3 கிலோ பெரிய சுமையா என்ன? சில்நைலான் (சிலிக்கோன் பூசிய நைலான்) துணி என்றால் நனைந்ததும் தொய்யும், படுக்கும் முன் கயிறுகளை ஒருமுறை இழுத்துக் கட்டணும். பாலியஸ்டர் அந்த அளவுக்குத் தொய்யாது. கல்லாந்தரையில் முளை இறங்காது. கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டுங்கள். கோல் டென்ட் முளையும் கயிறும் இல்லாமல் நிற்கவே நிற்காது, அதையும் யோசியுங்கள்.

புதுநடை:
சரி அண்ணா, இரட்டைச் சுவரில் நீளமானதாகப் பார்க்கிறேன். இன்னொன்று, சென்னை வீட்டு அலமாரியில் கிடந்த பழைய டென்ட் ஒன்று பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த வாடை வேறு. துவைத்தால் சரியாகுமா?

கோடைமலை:
ஆகாது. உட்பூச்சு பாலியூரித்தேன், ஈரமும் வெக்கையும் சேர்ந்து அதைச் சிதைத்துவிட்டது. புதியதை நிழலில் நன்றாகக் காயவைத்து, உறைக்குள் திணிக்காமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள். பரண் வேண்டாம், மே மாதம் அங்கே கொதிக்கும்.