எம்83 என்ற விண்மீன் திரளின் (கேலக்ஸி) சுருள் கைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

காபிக்காடு
ஏற்காட்டுப் பக்கம் நண்பரின் தோட்டம், 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தைப் பார்த்து முடித்துக் கடைசியாக எம்83-க்குத் திருப்பினோம். மங்கலான ஒரு திட்டு, நடுவில் கொஞ்சம் வெளிச்சம். அப்புறம் பார்வையை லேசாக ஓரத்துக்கு நகர்த்தினேன். திட்டு விரிந்தது; ஒரு பக்கமாக ஒரு கை வளைந்து இறங்கியது. நேராகப் பார்த்தால் மறைகிறது, ஓரப்பார்வைக்கு வருகிறது. ஒன்றரைக் கோடி ஒளியாண்டு தள்ளி இருப்பது! உடம்பு சிலிர்த்துவிட்டது. வேறு யாருக்காவது தெரிந்ததா?

தென்வானம்
8 அங்குலத்தில் கை தெரிந்தது என்பதை ஏற்க முடியவில்லை. என் 6 அங்குலத்தில் வெறும் புகைதான். படங்களைப் பார்த்துப் பழகிய மூளை கையைத் தானே வரைந்துகொள்ளும். புதிதாகத் தேடுபவர்களுக்கு: சித்திரை நட்சத்திரத்துக்கும் ஒமேகா சென்டாரிக்கும் ஏறக்குறைய நடுவில் தேடுங்கள். ஏப்ரல் நடுவில் நள்ளிரவுக்கு உச்சம்; நம் ஊரில் கிட்டத்தட்ட 50 டிகிரி உயரம் வரும். அமாவாசையை ஒட்டிப் போங்கள். அரை மணி நேரமாவது கண் இருட்டுக்குப் பழக வேண்டும். செல்போனைத் தொடவே தொடாதீர்கள். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். மலைக்குப் போனால் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) பனி படியும், துணியால் துடைக்காதீர்கள்.

களத்துமேடு
மூளை வரைகிறதா? என் மகளுக்கு எட்டு வயது, எம்83 படத்தைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர்க் களத்தில் 10 அங்குலத்தில் காட்டி, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். உட்கார்ந்து மண்ணில் விரலால் ஒரு குட்டைக் கோடு போட்டாள், அதன் முனையிலிருந்து ஒரு வளைவு. எம்83-இன் மையத்தில் இருக்கும் நடுப்பட்டையும் கையும்! நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்குலத்தை விட இருட்டுதான் முக்கியம் ஐயா. பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1752-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து இதைக் கண்டுபிடித்தது அரை அங்குலத் தொலைநோக்கியில்.

சிட்னிக்காரன்
இங்கே கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வரும். எனக்குக் கைகளை விட அதைச் சுற்றியுள்ள புள்ளிகள்தான் முக்கியம். 1923 முதல் 1983 வரை ஆறு சூப்பர்நோவாக்கள் (விண்மீன் வெடிப்புகள்) வெடித்துத் தெரிந்த இடம் அது. 1983-இல் வெடித்ததை இந்த நாட்டுப் பாதிரியார் ராபர்ட் எவன்ஸ் வெறும் கண்ணை ஐபீஸில் வைத்தே பிடித்தார். போன மே மாதம் கையின் ஓரத்தில் என் வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி. சிறுகோளாகவும் இருக்கலாம். குறித்துக்கொள்வதற்குள் மேகம் மூடிவிட்டது, அப்புறம் ஒரு வாரம் மழை. அந்த வாரம் தெளிந்த வானத்தில் எம்83-ஐப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.