10 அங்குலத் தேக்குப் பலகையைக் கைரம்பத்தால் பிளக்கும்போது நடுவில் வயிறு தள்ளுகிறது

கேள்வி: புதுஉளி

வணக்கம். பலகை 10 அங்குல அகலம், 2 அங்குல கனம், 3 அடி நீளம். கனத்தை இரண்டாகப் பிளந்து முக்கால் அங்குலத்தில் இரண்டு பலகை எடுக்க வேண்டும். ரம்பம் 26 அங்குலம், அங்குலத்துக்கு 7 பல். சோதனைத் துண்டில் இரண்டு விளிம்பிலும் கோடு தப்பவில்லை. பிரித்துப் பார்த்தால் ஒரு துண்டு நடுவில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வயிறு தள்ளியிருக்கிறது, மற்றது அதே அளவு குழிவு. பாதிக்கு மேல் ரம்பம் இறுக்கவும் செய்கிறது. கோளாறு கையிலா, ரம்பத்திலா?

பதில்: முக்கோண அரம்

முக்கால்வாசி ரம்பத்தில். 10 அங்குல அகலத்தில் 7 பல் ரம்பம் என்றால் ஒரே நேரத்தில் 70 பல் மரத்துக்குள் நிற்கும். பல்லிடுக்கு சின்னது, மரத்துக்குள்ளேயே தூள் நிறைந்துவிடும். அதன்பின் பல் மரத்தைக் கடிக்காமல் தூள்மேல் சறுக்கும். வெட்டவில்லையே என்று நீங்கள் அழுத்துவீர்கள், தகடு உள்ளே வில்லாக வளையும். விளிம்பில் தெரியாது, வயிறு நடுவில்தான் விழும்.

அங்குலத்துக்கு 4 பல் வையுங்கள். பல்லின் முன்முகம் கிட்டத்தட்ட செங்குத்தாக இருக்கட்டும். கடின மரத்துக்கு 5 டிகிரிக்கு மேல் பின்சாய்வு வேண்டாம். தேக்கில் சிலிக்கா உண்டு, பல் சீக்கிரம் மழுங்கும். அழுத்தத் தோன்றினாலே நிறுத்திவிட்டு அரம் போடுங்கள்.

செட்டையும், அதாவது பற்கள் இரு பக்கமும் மாறி மாறி வளைந்து நிற்கும் அளவையும் பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் ரம்பம் அந்தப் பக்கமே ஓடும். ரம்பத்தைப் படுக்க வைத்து, அந்தப் பக்கப் பல் நுனிகள்மேல் சன்னமான எண்ணெய்க்கல்லை ஒரே ஒரு இழுப்பு இழுத்து, அறுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொன்று. தகட்டில் மெழுகு தடவ மறக்க வேண்டாம்.

பதில்: நான்கு மூலை

ரம்பம் சரியானாலும் அறுக்கும் முறை தப்பினால் இதே கதிதான். முதலில் ஒரு முகத்தை இழைத்து மட்டமாக்குங்கள். மார்க்கிங் கேஜை (ஒரே இடைவெளியில் கோடு கீறும் கருவி) அந்த முகத்தில் மட்டுமே வைத்து நான்கு விளிம்பிலும் கோடு இழுங்கள். எதிர்முகத்திலிருந்து அளந்தால் கோடுகள் சந்திக்காது.

பலகையை வைஸில் சாய்த்து நிறுத்தி, உங்களைப் பார்க்கும் மூலையில் 45 டிகிரியில் தொடங்குங்கள். மேல்கோடு, பக்கக்கோடு இரண்டும் கண்ணில் படும். இரண்டு மூன்று அங்குலம் இறங்கியதும் பலகையைத் திருப்பி எதிர்மூலை. முன்பு அறுத்த வாயே (ரம்பம் போன இடைவெளி) தகட்டுக்கு வழிகாட்டும். பிறகு நடுவில் மிஞ்சும் முக்கோணத்தை, ரம்பத்தைக் கிடைமட்டமாகப் பிடித்து அறுங்கள். இப்படியே மாற்றி மாற்றி. பாதி நீளம் போனதும் பலகையைத் தலைகீழாக்கி மறுமுனையிலிருந்து வாருங்கள்.

கோட்டை விட்டு விலகினால் ரம்பத்தை முறுக்கித் திருப்பப் பார்க்காதீர்கள். அகலத் தகடு வாய்க்குள் திரும்பாது, வளையத்தான் செய்யும். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டு வேறு மூலையில் பிடியுங்கள்.

கேள்வி: புதுஉளி

நன்றி. விளிம்பைச் சுற்றிலும் காடி இழைப்புளியால் அரை அங்குல ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) போட்டுவிட்டால் இந்த மூலை வேலை தேவையில்லை என்கிறார்களே?

பதில்: முக்கோண அரம்

காடி தொடக்கத்துக்கு நல்லது, அவ்வளவுதான். செட் கோணலாக இருந்தால் காடி அதை மறைத்துவிடும்: விளிம்பு அழகாக இருக்கும், வயிறு உள்ளே. உங்கள் துண்டில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். காடி போடுங்கள், மூலையையும் விடாதீர்கள்.

பதில்: ஆப்பு

இறுக்கத்துக்கு இன்னொரு காரணம் மரத்தின் உள் இழுவிசை. அறுக்க அறுக்க இரண்டு பாதியும் ஒன்றையொன்று நெருக்கும். பின்னால் மெல்லிய ஆப்பு வையுங்கள், கையால் தள்ளினாலே போதும். சுத்தியலால் அடித்தால் ரேகை வழியே முன்னால் பிளந்து கோட்டை விட்டு ஓடிவிடும்.

கனக் கணக்கையும் பாருங்கள். 2 அங்குலம் 16 நூல். பலகைக்கு 6 வீதம் 12 போகும், அறுப்பு வாய்க்கு அரை நூலுக்கு மேல். மிச்சம் மூன்று நூல் சொச்சம். நான்கு முகத்துக்கும் பங்கிட்டால் முகத்துக்கு முக்கால் நூல்தான் இழைக்க இருக்கிறது. ஒரு நூல் வயிறு அதிலேயே அடங்காது.

அறுத்த அன்றே இழைக்கவும் வேண்டாம். புதிதாகத் திறந்த உள்முகத்தில் ஈரம் கூடுதலாக இருந்தால், அது காயும்போது சுருங்கி அந்தப் பக்கம் குழியும். இரு முகத்திலும் காற்றுப்படும்படி இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கி, மேலே பாரம் வைத்து, இரண்டு வாரம் கழித்து நேர்கோல் வைத்துப் பாருங்கள். இன்னும் அசைந்துகொண்டிருந்தால் இழைப்புளியைத் தொடாதீர்கள்.