பான்ஷீ 350: மேட்டில் பாதி ஏறியதும் இழுவை போய்விடுகிறது, மெயின் ஜெட் மாற்றியும் பலனில்லை

மணல்வண்டி:
வணக்கம். ஷார்ஜாவில் இருக்கிறேன். வண்டி 2004 யமஹா பான்ஷீ, மணலில் ஓட்டும் நாலு சக்கர குவாட், 347 சிசி, இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். முன்பு வைத்திருந்தவர் ஒரிஜினல் சைலன்சர்களைக் கழற்றிவிட்டு வேறு பைப் போட்டிருக்கிறார், ஏர் பாக்ஸையும் எடுத்துவிட்டு இரண்டு கார்புரேட்டருக்கும் தனித்தனியாக ஃபோம் ஃபில்டர் மாட்டியிருக்கிறார். இதில் கம்பெனி மெயின் ஜெட் (முழு திராட்டிலில் பெட்ரோலை அளந்து விடும் துளை, எண் கூடினால் பெட்ரோலும் கூடும்) 200, இவ்வளவு மாற்றத்துக்கு அது பற்றாது என்பதால் நான் வாங்கும்போதே 280 இருந்தது.

பதாயர் பாலைவனப் பக்கம் பெரிய மணல் மேட்டில் மூன்றாவது கியரில் முழு திராட்டில் கொடுத்தால் ஆரம்பத்தில் அருமையாக இழுக்கிறது, பாதி தூரம் தாண்டியதும் இழுவை அப்படியே செத்துப்போகிறது. திராட்டிலை விட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் மறுபடி பழையபடி ஓடுகிறது. அரை திராட்டிலில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் குறையே தெரிவதில்லை. லீனாக (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல்) இருக்கும் என்று சொன்னார்கள், 300 போட்டேன், அப்புறம் 320. கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே மாதிரிதான் விடுகிறது. இப்போது ஒரு மெக்கானிக் 340 போடச் சொல்கிறார். பெட்ரோல் 95, ஆயில் கலவை 32:1, கம்ப்ரஷன் இரண்டு பக்கமும் 125 பி.எஸ்.ஐ. அடுத்து எதைப் பார்ப்பது?

டூனர்தம்பி:
340 போட்டுப் பாருங்கள் அண்ணா, ஒன்றும் ஆகாது. ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) இருந்தால் பிளக் கருக்கும், அவ்வளவுதான். லீனாக ஓட்டினால் பிஸ்டனே உருகிவிடும். அதிலும் இந்த ஊர் வெயிலுக்கு ஒரு சைஸ் கூடவே இருப்பதுதான் பாதுகாப்பு.

ரீட்வால்வ்:
தம்பி, லீனாக ஓட்டுவது ஆபத்து என்பது நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் வெயிலைப் பற்றிச் சொன்னது தலைகீழ். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதில் ஆக்சிஜன் குறைவு, அதனால் பெட்ரோலும் குறைவாகத்தான் வேண்டும். ஆபத்து குளிர்காலத்தில்தான். ஆகஸ்டில் 42 டிகிரியில் சரியாக வைத்த ஜெட்டோடு ஜனவரி விடியற்காலை 14 டிகிரியில் மணலுக்குப் போனால் காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் கூடியிருக்கும், ஜெட் மட்டும் அதேதான். இங்கே எல்லோரும் மணலில் இறங்குவதே குளிர்காலத்தில் என்பதால் இதைக் கவனிக்காமல் பிஸ்டனை சிலிண்டரில் இறுகிப் பிடிக்கவைக்கிறவர்கள் நிறைய.

மணல்வண்டி, உங்கள் பதிவிலேயே இரண்டு முக்கியமான தடயம் இருக்கிறது. மெயின் ஜெட்டை 280இலிருந்து 320 வரை ஏற்றியும் அறிகுறி மாறவில்லை. கோளாறு உண்மையிலேயே மெயின் ஜெட்டில் இருந்தால் இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு நல்லதாகவோ கெட்டதாகவோ ஏதாவது ஒன்று தெரிந்தே ஆகவேண்டும். இரண்டாவது, முழு திராட்டில் கொடுத்த உடனே விடுவதில்லை, கொஞ்ச நேரம் இழுத்த பிறகுதான் விடுகிறது, நின்றால் தானாகச் சரியாகிறது. ஜெட் சின்னதாக இருந்தால் முக்கால் திராட்டிலைத் தாண்டின நொடியே தெரியும். நேரம் எடுத்துக்கொண்டு விடுகிறது என்றால் கார்புரேட்டருக்குக் கீழே பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் தீர்ந்துபோகிறது, மேலே இருந்து அந்த வேகத்தில் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கிண்ணம் காலியாக இருக்கும்போது 340 என்ன, 400 போட்டாலும் ஒன்றுதான்.

அதனால் ஜெட்டைத் தொடாதீர்கள். டேங்க் மூடியில் இருந்து ஒரு சின்ன ஹோஸ் ஹேண்டில் தண்டுக்குள் போகும், அதுதான் டேங்கின் மூச்சுக்குழாய். மணல் ஏறியோ மடங்கியோ அடைத்தால் டேங்குக்குள் காற்று நுழையாது, பெட்ரோலும் இறங்காது. அந்த மேட்டில் பவர் விட்டதும் நிறுத்தி மூடியைத் திறங்கள், உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அது இல்லையென்றால் பெட்காக்கை, அதாவது டேங்குக்குக் கீழே இருக்கிற பெட்ரோல் குழாய்த் திருகை, பாருங்கள். கார்புரேட்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டால் விடாமல் ஒரே சீராக ஊற்றவேண்டும், சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்குக்குள் இருக்கிற வலையைக் கழுவுங்கள். இன்ஜினும் பைப்பும் ஆறிய பிறகு, திறந்த வெளியில், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்காத நேரத்தில் செய்யுங்கள். கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் ஃப்ளோட் ஊசியில் தூசி சிக்கினாலும் இதே கதைதான்.

பார்க்கிங் பிரேக் சுவிட்சையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இந்த வண்டியில் அந்த பிரேக் போட்டிருந்தால் டார்ஸ் என்கிற பாதுகாப்பு மின்சுற்று இன்ஜின் வேகத்தை ஏறவிடாது, சுவிட்ச் சிக்கிக்கொண்டால் ஓட்டும்போதும் வெட்டும். ஆனால் உங்களுடையது அரை திராட்டிலில் நன்றாக ஓடுவதால் எனக்கு அதில் அவ்வளவு சந்தேகம் இல்லை.

கடைசியாக, இரண்டு பிளக்கையும் கழற்றி நிறத்தைச் சொல்லுங்கள். எது இடது, எது வலது என்று தெளிவாக.

மணல்வண்டி:
ரொம்ப நன்றி அண்ணா. போன வாரம் போய்ப் பார்த்தேன். பவர் விட்ட இடத்திலேயே மூடியைத் திறந்தேன், நன்றாகவே காற்று இழுத்தது. மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து மறுபடி ஏறினேன், உச்சி வரை விடவில்லை! வீட்டுக்கு வந்து ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஈர மணல் கெட்டியாக அடைத்திருந்தது, புது ஹோஸ் மாற்றிவிட்டேன். இப்போது வேறு ஒன்று: முழு திராட்டிலில் படபடவென்று அடைத்த சத்தம், புகையும் கூடுதல். பிளக் வலது கறுப்பு, ஈரம். இடது வெளிர் பழுப்பு.

ரீட்வால்வ்:
படபடப்பு எதிர்பார்த்ததுதான், இதுவரை 320 ஜெட்டுக்குப் பெட்ரோலே போகவில்லை, இப்போது போகிறது. 300க்கு இறக்குங்கள், அதிலும் அந்தச் சத்தம் வந்தால் 290. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது பிளக் போட்டு, மூன்றாவது நான்காவது கியரில் முழு திராட்டிலில் ஓடவிட்டு, கிளட்சைப் பிடித்தபடியே இன்ஜினை அணைத்து அப்புறம் பிளக்கைப் பாருங்கள். ஐடிலில் உருட்டிக்கொண்டு வந்த பிளக் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைப் பற்றித்தான் பேசும், மெயினைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஆனால் இரண்டு பிளக்கும் வேறு வேறு நிறம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதே ஜெட், அதே பெட்ரோல், நிறம் மட்டும் ஏன் மாறவேண்டும்? முதலில் இரண்டு கார்புரேட்டரின் ஸ்லைடும் (திராட்டில் கேபிள் தூக்கும் அடைப்பு) ஒரே நேரத்தில் தூக்குகிறதா என்று பாருங்கள், கேபிள் ஒரு பக்கம் தளர்ந்திருந்தாலே இப்படி வரும். அது சரியாக இருந்தால் கிராங்க் சீல்தான் (கிராங்க் தண்டின் முனையில் காற்றும் ஆயிலும் நுழையாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சந்தேகம். வலது பக்கம் கிளட்ச் இருக்கிறது, அந்த சீல் போனால் கியர் ஆயிலை உள்ளே இழுத்து பிளக்கை நனைக்கும், புகையும் வரும், கியர் ஆயில் அளவும் குறையும். இடது பக்கம் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர், அங்கே சீல் போனால் வெறும் காற்று நுழைந்து அந்த சிலிண்டர் மட்டும் லீனாகும். பிஸ்டனைத் தின்பது இதுதான்.

டூனர்தம்பி:
கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கிற ரப்பர் பூட்டைச் சுற்றி கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தால் போதாதா அண்ணா? லீக் இருந்தால் ஐடில் மாறுமே.

ரீட்வால்வ்:
பூட்டுக்கும் இரண்டு பூட்டையும் இணைக்கிற குழாய்க்கும் அது ஓரளவு உதவும், ஆனால் சூடான பைப் மேல் பட்டால் தீ பிடிக்கும், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் செய்யவேண்டும். ஸ்டேட்டர் மூடிக்குள் இருக்கிற சீலை ஸ்ப்ரேயால் கண்டுபிடிக்க முடியாது. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்துவிட்டு 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள், 6 நிமிடம் அப்படியே நிற்கவேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள்.

மணல்வண்டி, சனிக்கிழமை மணலுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இந்தச் சோதனையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். லீக் இருக்கிறது என்று தெரிந்தால் சீல் மாற்றும்வரை 300ஐ விட்டுக் கீழே இறங்கவேண்டாம், முழு திராட்டிலும் வேண்டாம்.

மணல்வண்டி:
சரி அண்ணா. கியர் ஆயிலை இன்றைக்கே வடித்து அளந்து பார்க்கிறேன், லீக் டெஸ்டுக்கு ரப்பர் அடைப்புகள் நாளைக்கு வாங்கிவிடுவேன். என்ன வருகிறது என்று எழுதுகிறேன்.