புதுப்பிப்பு: இரண்டாகக் கழற்றும் சிலம்பக் கம்பு

நடுவில் திருகிக் கழற்றும் சிலம்பக் கம்பை ஆன்லைனில் விற்றுப் பார்ப்பதா, மதுரை ஆசான்களிடம் கொடுத்துப் பார்ப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டையும் செய்தாகிவிட்டது.

ஆன்லைனில் வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். நெற்றி உயரக் கம்பை முழுசாக அனுப்பினால் கூரியரில் நீளத்துக்கே காசு போய்விடும். பஸ்ஸில் கண்டக்டர் வேறு முறைப்பார். அவர்களுக்கு இது வசதி.

மைதானத்தில் கதை வேறு. ஓர் ஆசான் சும்மா நாலு சுற்று சுற்றிவிட்டு, "தம்பி, பிரம்புன்னா வளையணும். இது நடுவுல வெறச்சு நிக்குது" என்றார். வீட்டில் தனியாகச் சுற்றிப் பழகப் போதும், எதிரில் ஆள் நின்றால் ஆகாது என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

2024-ல் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க ஆட்டமாக இடம்பெற்றதைச் சொல்லி, "போட்டிக்கு இதை விடுவாங்களா?" என்று கேட்கிறார்கள் பெற்றோர்கள். அதனால் விளம்பரத்தில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று பெரிதாகப் போட்டுவிட்டேன். நடுவில் விறைப்பு குறைய, அடுத்த தொகுதியில் அங்கிருக்கும் பித்தளை இணைப்பு குட்டையாகிறது. அப்புறம் அதே ஆசானிடம்தான் முதலில் கொடுக்கப் போகிறேன்.