சூபின் மேத்தா இசை நடத்தக் கற்றது எங்கே?

கேள்வி: 1936இல் பம்பாயில் பிறந்த சூபின் மேத்தா, சிம்பொனி இசைக்குழுவை நடத்தும் கலையை யாரிடம் பயின்றார்?

மறுமொழி: முதல் பள்ளி வீடுதான். தந்தை மேலி மேத்தா, பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவிய வயலின் கலைஞர். 1954இல் வியன்னா சென்ற சூபின், இசை நடத்துநர் பயிற்சி ஆசிரியர் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்றார்.

மறுமொழி: அங்கே அவர் டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தையும் வாசித்தார். அதைவிட என்னை நெகிழ வைப்பது, காரயான் போன்ற இசை நடத்துநர் மேதைகளின் ஒத்திகைகளை அருகிலிருந்து காண்பதற்காகவே, உடன் பயின்ற கிளாடியோ அப்பாடோவுடன் பாடகர் குழுவில் சேர்ந்து, பாடிக்கொண்டே அவர்களுடைய கையசைவுகளைக் கவனித்தார் என்பதுதான். அந்த உழைப்புக்குப் பலனாக 1958இல் லிவர்பூலில் நடந்த இசை நடத்துநர் போட்டியில் வென்றார்.

மறுமொழி: 1962 முதல் லாஸ் ஏஞ்சலிஸ், 1978 முதல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுக்களை வழிநடத்தினார், இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கிலிருந்து 2019இல்தான் ஓய்வு பெற்றார்.