சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைத் தொண்டர்களுக்கு டி.பி.எஸ் (குற்றப் பின்னணிச் சோதனை): யாருக்கு எந்த நிலை? பெயர் பொருந்தாவிட்டால்?

புதுச்செயலாளர்

வணக்கம். இங்கிலாந்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் நிர்வாகத்துக்காகக் கேட்கிறேன். ஆசிரியர்கள் 14 பேர், எல்லோரும் சம்பளமில்லாத் தொண்டர்கள். அதைவிட தேநீர்ப் பகுதியைப் பார்க்கும் பெற்றோர், கலைவிழாவுக்கு மட்டும் கைகொடுப்பவர்கள், சின்ன வகுப்புகளுக்கு உதவும் 15, 17 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதியோர் ஒன்றுகூடலும் மாதம் ஒருமுறை நடக்கிறது.

எல்லோருக்கும் உச்ச நிலைச் சோதனையை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? இரண்டு பேருடைய விண்ணப்பம் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்திருக்கிறது. ஓர் ஆசிரியர் தான் வேலை செய்யும் பள்ளியில் எடுத்த சான்றிதழைக் காட்டுகிறார், அதை ஏற்கலாமா? அண்மையில் இலங்கையிலிருந்து வந்த ஒருவருக்கு என்ன செய்வது?

நெய்தல்

எல்லோருக்கும் உச்ச நிலை எடுக்க முடியாது. தகுதியில்லாத பொறுப்புக்குத் தடைப்பட்டியல் சோதனை (பிள்ளைகளோடு அல்லது பாதுகாப்பு வேண்டிய பெரியவர்களோடு வேலை செய்யத் தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியலைப் பார்ப்பது) கேட்பதே சட்டத்துக்குப் புறம்பு. ஆளைப் பார்த்து இல்லை, அவர் செய்யும் வேலையைப் பார்த்துத்தான் நிலை முடிவாகிறது.

பேசிக், ஸ்டாண்டர்ட், என்ஹான்ஸ்ட், தடைப்பட்டியலுடன் என்ஹான்ஸ்ட் என்று கீழிருந்து மேலாக நான்கு நிலை. கண்காணிப்பில்லாமல் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது, பயிற்றுவது, பார்த்துக்கொள்வது வாரம் ஒருமுறையாவது நடந்தால், அல்லது 30 நாளில் 4 நாளாவது நடந்தால், அது ‘ஒழுங்குபடுத்தப்பட்ட செயற்பாடு’. உங்கள் வகுப்பாசிரியர்கள் இதற்குள் வருகிறார்கள், ஆகவே அவர்களுக்கு நான்காவது நிலை. இன்னொருவரின் தொடர்ச்சியான கண்காணிப்பில் உதவுபவருக்கு என்ஹான்ஸ்ட் எடுக்கலாம், தடைப்பட்டியலைப் பார்க்க முடியாது. இந்தக் கண்காணிப்பு விதிவிலக்கை நீக்கும் சட்டமூலம் 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, அதனால் விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேநீர் ஊற்றும் பெற்றோரும் விழாவுக்கு மட்டும் வருபவர்களும் இதில் சேரமாட்டார்கள். முழுநேரப் பள்ளியென்றால் அங்கே சமையலறையில் ஒழுங்காக வேலை செய்பவரும் சேர்வார். வார இறுதிப் பாடசாலையைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 16 வயதுக்குக் கீழ் யாருக்கும் சோதனை கிடையாது, 15 வயது உதவியாளரைப் பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் வைத்திருங்கள்.

முதியோர் பக்கம் விதியே வேறு. அங்கே வாரக்கணக்கு இல்லை. ஒருவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, அவருடைய காசைக் கையாண்டு கடைக்குப் போய்வருவது போன்றவை ஒரே ஒருமுறை நடந்தாலும் கணக்கில் வரும். வயது காரணமாகத் தனியே போகமுடியாதவரை உங்கள் அமைப்பின் சார்பில் மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப்போவதும் அப்படியே. கூட இருந்து கதைத்து, சாப்பாடு பரிமாறுவது மட்டுமென்றால் வராது. ஆகவே ஒன்றுகூடலில் யார் யார் கார் ஓட்டுகிறார்கள் என்பதை முதலில் எழுதி எடுங்கள்.

இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்கொட்லாந்தில் பி.வி.ஜி, வட அயர்லாந்தில் அக்சஸ் என்.ஐ என்று சோதனை முறைகள் வேறு.

கோப்புக்காரி

பெயர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். எங்கள் ஆட்களின் விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இதில்தான்.

அப்பா பெயர் கந்தையா, ஆள் பெயர் சிவகுமார் என்று வையுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கந்தையா. வங்கிக் கணக்கில் குடும்பப் பெயர் சிவகுமார், முன்னால் ‘கே’ என்று ஓர் எழுத்து. சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஆங்கிலத்தில் ஓர் ‘எச்’ கூடியிருக்கும். உங்களுக்கு அது ஒரே ஆள். படிவத்துக்கு மூன்று பேர்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். இப்போதைய பெயர்ப் பெட்டியில் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். இதுவரை புழங்கிய மற்ற எல்லாப் பெயர்களையும், முன்பின் மாறியவை உட்பட, ‘வேறு பெயர்கள்’ பகுதியில் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று கொடுங்கள். கல்யாணத்துக்குப் பின் அப்பா பெயரை விட்டுக் கணவர் பெயரை எடுத்த அக்காமார் பழைய பெயரையும் போடவேண்டும், விவாகப் பதிவுப் பத்திரம் கையில் இருக்கட்டும். வங்கிக்கூற்று கடைசி 3 மாதத்துக்குள், கவுன்சில் வரிப் பத்திரம் 12 மாதத்துக்குள் வந்ததாக இருக்கவேண்டும். முகவரி 5 வருடத்துக்கு இடைவெளியில்லாமல் வேண்டும். ‘இரண்டு மாதம் சித்தி வீட்டில் இருந்தேன்’ என்பதும் ஒரு முகவரிதான்.

இது வெறும் கடதாசிக் கரைச்சல் இல்லை. 2002இல் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்ற பள்ளிப் பராமரிப்பாளர், வேலைக்கு விண்ணப்பித்தபோது இரண்டு குடும்பப் பெயர்கள் வைத்திருந்தார். பொலிஸ் தேடியது ஒன்றை மட்டும். மற்றப் பெயரில் வேறொரு பொலிஸ் பிரிவுக்கு அவர்மேல் பல முறைப்பாடுகள் வந்திருந்தன. 2004இல் வெளிவந்த பிச்சார்ட் விசாரணை அறிக்கை இதை விவரமாகச் சொல்கிறது. இன்றைய தடைப்பட்டியல் முறையே அந்த அறிக்கையின் பரிந்துரையிலிருந்து வந்ததுதான்.

அட்டவணை

மற்றப் பள்ளியின் சான்றிதழ் பற்றி: அவர் அப்டேட் சேர்விஸில், அதாவது சான்றிதழ் இன்னும் நடப்பில் உள்ளதா என்று இணையத்தில் பார்க்க உதவும் டி.பி.எஸ் சேவையில், இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் மூலச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் நேரில் பாருங்கள். அதில் ‘சைல்ட் வேர்க்ஃபோர்ஸ்’ (பிள்ளைகளுடன் வேலை செய்வோர்) என்று இருக்கிறதா, நிலை உங்களுக்கு வேண்டிய நிலைதானா, பிள்ளைகளுக்கான தடைப்பட்டியல் பார்க்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்து, அவருடைய சம்மதத்துடன் சான்றிதழ் இலக்கம், குடும்பப் பெயர், பிறந்த திகதி கொடுத்து இணையத்தில் பாருங்கள். சான்றிதழ் இனி நடப்பில் இல்லை என்று பதில் வந்தால் புதிதாக எடுக்கவேண்டும். முதியோரையும் அவர் காரில் ஏற்றுவாரென்றால் பிள்ளைகளுக்கான சான்றிதழ் அதற்கு உதவாது.

சேர்விஸில் இல்லையென்றால் அந்தத் தாள், அதை அச்சடித்த நாளைப் பற்றி மட்டுமே சொல்கிறது. காலாவதித் திகதி இல்லை என்பதை ‘ஆயுளுக்கும் செல்லும்’ என்று எடுக்கவேண்டாம். புதிதாக எடுங்கள். இந்த நிலைக்குத் தொண்டர்களுக்கு டி.பி.எஸ் கட்டணம் இல்லை, உங்கள் சார்பில் விண்ணப்பத்தை அனுப்பும் இடை அமைப்பான அம்பிரெல்லா பொடி தன் நிர்வாகக் கட்டணத்தை மட்டும் வாங்கும். சான்றிதழ் வெளியான 30 நாளுக்குள் அப்டேட் சேர்விஸில் சேரவேண்டும், அதுவும் தொண்டர்களுக்கு இலவசம். அந்த 30 நாளைத் தவறவிட்டால் முழு விண்ணப்பமும் மறுபடி முதலிலிருந்து.

சான்றிதழ் விண்ணப்பித்தவரின் வீட்டுக்கு மட்டுமே போகும், உங்களுக்கு வராது. ‘இன்னும் வரவில்லை’ என்று மாதக்கணக்கில் இழுபடும் இடம் இது, ஆகவே காட்டவேண்டிய கடைசி நாளை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நகலெடுத்துக் கோப்பில் போட்டு வைக்காதீர்கள். பெயர், திகதி, நிலை, பொறுப்பு, சான்றிதழ் இலக்கம், உங்கள் முடிவு ஆகியவற்றைப் பதிந்தால் போதும்.

புதுச்செயலாளர்

மிக்க நன்றி. இலங்கையிலிருந்து வந்தவர் பற்றி யாராவது சொல்லமுடியுமா? சான்றிதழ் வரும்வரை அவர் வகுப்பு எடுக்கலாமா?

நெய்தல்

டி.பி.எஸ் வெளிநாட்டுப் பதிவுகளைத் தேடாது. நேற்று வந்தவருக்கு வெற்றுச் சான்றிதழ்தான் வரும், அதற்குப் பொருள் எதுவும் இல்லை. சாதாரணமாக வந்தவரென்றால் இலங்கைப் பொலிஸின் நற்சான்றுப் பத்திரத்தைக் கேட்கலாம், இணையத்தில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

ஆனால் அவர் அகதி தஞ்சம் கோரியவரா என்று யோசித்துவிட்டுக் கேளுங்கள். எந்த அரசிடமிருந்து தப்பி வந்தாரோ அதே அரசுக்கு இங்குள்ள முகவரியைக் கொடுத்து விண்ணப்பம் போடு என்று ஒரு தொண்டரிடம் சொல்லக்கூடாது. அதற்குப் பதிலாக இரண்டு பேரிடம் நன்னடத்தைக் கடிதம் வாங்கி, எழுதியவர்களைத் தொலைபேசியில் பிடித்துக் கதையுங்கள். ‘இவரைப் பிள்ளைகளுடன் தனியே விடுவீர்களா’ என்று நேராகக் கேளுங்கள். கடிதத்தில் எழுதாததைக் குரலில் சொல்லிவிடுவார்கள். உறவினர் கடிதம் வேண்டாம்.

சான்றிதழ் வரும்வரை சோதனை முடிந்த இன்னோர் ஆசிரியரின் வகுப்பில், அவர் அறையில் இருக்கும்போது மட்டும் உதவட்டும். தனி வகுப்பு, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, பிள்ளைகளுடன் தனி வாட்ஸ்அப் எதுவும் கூடாது. இதை எழுதி, கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோப்புக்காரி

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். ஒருவர்மேல் முறைப்பாடு வந்தால் ‘சமூகத்துக்குள்ளேயே பேசி முடிப்போம், ஆள் தானாக விலகட்டும்’ என்பது எங்கள் வழக்கம். பிள்ளைக்குத் தீங்கு செய்தார் அல்லது செய்யக்கூடும் என்ற காரணத்தால் ஒருவரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினால், அல்லது நீக்குவதற்குமுன் அவரே ராஜினாமா செய்துவிட்டாலும், டி.பி.எஸ்ஸுக்கு அறிவிப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைப்பின் கடமை. முறைப்பாடு வந்த ஒரு வேலைநாளுக்குள் கவுன்சிலில் இதற்கென்று இருக்கும் அதிகாரியோடு, அதாவது லாடோவோடு, கதைக்கவேண்டும். நீங்களாக விசாரணை நடத்தவேண்டாம், பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்கவும் வேண்டாம், பின்னர் பொலிஸ் எடுக்கும் வாக்குமூலம் அதனால் கெட்டுப்போகும். பதிவுபெற்ற அறக்கட்டளையென்றால் அவற்றை மேற்பார்வையிடும் சாரிட்டி கமிஷனுக்கும் அறிக்கை போகவேண்டும். லாடோவின் தொலைபேசி இலக்கத்தை உங்கள் கவுன்சில் தளத்தில் தேடி, வரவுப் பதிவேட்டின் உள் அட்டையில் இன்றைக்கே ஒட்டிவையுங்கள்.